கோடை விடுமுறையில் ஸ்கேட்டிங், ஹாக்கி: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

தேர்வுகள் முடிந்துவிட்டன. பெங்களூர் அடுக்ககங்களின் லிஃப்டுக்குள் கோடை முகாம் நோட்டீஸ்கள் ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்கேட்டிங்கும் ஹாக்கியும்தான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

எங்கள் மகளுக்கு 7 வயது. பள்ளியில் ஓராண்டு ஸ்கேட்டிங் கற்றாள். போட்டி, பதக்கம் என்ற நெருக்கடி இல்லாமல் ஏப்ரல், மே மாதங்களில் தொடர வேண்டும். பக்கத்திலேயே மூன்று முகாம்கள் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?
(ஒரு தாய், வைட்ஃபீல்ட்)

நோட்டீஸை வைத்து முடிவு செய்யாதீர்கள். இடத்துக்கு ஒரு மாலை என்று மூன்று இடங்களுக்கும் போய், சொல்லாமல் அரை மணி நேரம் ஓரமாக நில்லுங்கள். புதிதாக வந்த பிள்ளைக்கு முதலில் விழக் கற்றுக்கொடுக்கிறார்களா என்று பாருங்கள். முழங்காலை மடக்கி, உடலைத் தாழ்த்தி, முழங்கால் காப்பின் மேல் சரிந்து விழுவதைச் சொல்லித்தராத பயிற்சியாளரிடம் மற்ற எதையும் கற்க வேண்டியதில்லை. ஒரு பயிற்சியாளருக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உங்கள் மகளை யாரும் கவனிக்கப் போவதில்லை. பதினான்கு வயது ரேஸ் பிள்ளைகள் பாயும் அதே நேரத்தில் சின்னப் பிள்ளைகளையும் ரிங்கில் (ஸ்கேட்டிங் தளத்தில்) விடும் இடம் ஆபத்தானது.

பிறகு நேராகக் கேளுங்கள்: ஒரு நாள் அவள் வராவிட்டால் என்ன சொல்வீர்கள்? "வராமல் இருக்கக் கூடாது" என்ற பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வாரம் மூன்று நாள், தலா ஒரு மணி நேரம் போதும். காலை ஒன்பதுக்கு முன் அல்லது மாலை ஐந்துக்குப் பின். மணிக்கட்டுக் காப்பு இல்லாமல் பிள்ளைகளை உள்ளே விடும் ரிங்க் எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் வேண்டாம். விழும்போது கை தானாக முன்னே நீளும், உடலின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். ஸ்கேட்டிங்கில் எலும்பு முறிவு அதிகம் நேர்வது அங்கேதான்.

வளரும் கால்தானே, இரண்டு அளவு பெரிய இன்லைன் ஸ்கேட் (சக்கரங்கள் ஒரே வரிசையில் இருப்பது) வாங்கலாமா?
(கே.ஆர்.புரம்)

கூடாது. பூட்டுக்குள் குதிகால் அசைந்தால் கணுக்கால் உட்பக்கம் சாயும், அந்தச் சாய்வே பழக்கமாகிவிடும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையை வாங்குங்கள். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயில் கிடைப்பது இரண்டு ஆண்டுக்கு வரும். மிச்சமாகும் பணத்தில் நல்ல ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் வாங்குங்கள். உறவினர் வீட்டுப் பழைய ஸ்கேட்டை வாங்கிக்கொள்ளலாம், பழைய ஹெல்மெட்டை மட்டும் வாங்காதீர்கள். ஒரு முறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே பயனற்றது.

ஸ்கேட் சக்கரத்தின் பேரிங்கில் ஏபெக் 7 வாங்குவதா, 9 வாங்குவதா?
(பெயர், ஊர் இல்லை)

அந்த எண் பேரிங்கை எவ்வளவு துல்லியமாகச் செய்திருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறது. அதனால் உங்கள் பிள்ளையின் வேகம் கூடாது. 5 போதும். மழையில் நனைந்தால் அன்றே துடைத்து, காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். துருப்பிடித்த 9-ஐவிடச் சுத்தமான 5 நன்றாக உருளும்.

என் மகனுக்கு 6 வயது. ஆனந்த்குமார் வேல்குமார் போல உலகச் சாம்பியன் ஆக வேண்டும். விடுமுறையில் தினம் எத்தனை மணி நேரம் பயிற்சி தரலாம்?
(ஒரு தந்தை, எலக்ட்ரானிக் சிட்டி)

சென்னையிலிருந்து வந்த அந்த இளைஞர் 2025 செப்டம்பரில் சீனாவில் 1000 மீட்டர் ஸ்பிரிண்டில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 22. உங்கள் மகனுக்கு இன்னும் பதினாறு ஆண்டுகள் இருக்கின்றன. பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் முறைப்படியான பயிற்சி கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஸ்கேட்டிங், நீச்சல், கராத்தே எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. உங்கள் மகனுக்கு வாரம் ஆறு மணி நேரம் உச்ச வரம்பு. நான் மூன்றே சொல்வேன்.

எங்கள் 8 வயது மகன் போகும் ஸ்கேட்டிங் கிளப் மே மாதம் ஓர் உலகச் சாதனை முயற்சி நடத்துகிறது. பிள்ளைகள் மாறி மாறி 24 மணி நேரம் நிற்காமல் ஸ்கேட் செய்வார்கள். எல்லோருக்கும் சான்றிதழும் பதக்கமும் உண்டு. கட்டணம் 4,000 ரூபாய். அதற்காக ஏப்ரல் முழுவதும் தினம் இரண்டு வேளைப் பயிற்சி. பள்ளியில் சேர்க்கும்போது உதவும் என்கிறார்கள். அனுப்பலாமா?
(ஒரு தந்தை, ஹொரமாவு)

அனுப்பாதீர்கள். இதே கேள்வி ஒவ்வொரு மார்ச்சிலும் வருகிறது, ஒவ்வொரு முறையும் இதே பதிலைத்தான் எழுதுகிறேன். இந்த முறை காரணங்களையும் விரிவாக எழுதிவிடுகிறேன்.

ரிங்கில் எல்லோரும் ஒரே திசையில், இடப்பக்கமாகத்தான் சுற்றுவார்கள். வளைவில் இடது கால் ஒரு விதமாகவும் வலது கால் வேறு விதமாகவும் வேலை செய்யும். ஒரு மணி நேரப் பயிற்சியில் இதைச் சரிக்கட்டிவிடலாம், பத்து நிமிடம் எதிர்த்திசையில் சுற்றவிட்டால் போதும். ஒரு மாதம் முழுக்க இரண்டு வேளையும் இடப்பக்கமாகவே சுற்றும் எட்டு வயது இடுப்புக்கும் முழங்காலுக்கும் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த வயதில் எலும்பின் முனைகளில் உள்ள வளர்ச்சிப் பகுதிகள் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஓயாத ஒரே வகைப் பளுவை அவை தாங்காது. சாதனை நாளன்று உங்கள் மகனின் முறை நள்ளிரவு இரண்டு மணிக்கு வரலாம். தூக்கத்தில் எழுப்பி, சக்கரத்தை மாட்டி, காங்கிரீட்டில் விடுவார்கள். அரைத் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு விழக் கற்ற பாடம் நினைவில் இருக்காது.

சான்றிதழைப் பற்றிச் சொல்கிறேன். மாநில, தேசிய அணிகளுக்குத் தேர்வு நடப்பது இந்திய ரோலர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பின் கீழ் வரும் போட்டிகளில். விளையாட்டு ஒதுக்கீட்டிலும் அங்கீகாரம் பெற்ற போட்டிகளைத்தான் கேட்பார்கள். நூறு பிள்ளைகளோடு சேர்ந்து சுற்றியதற்கான தாளுக்கு அங்கே இடமில்லை. இதை நடத்துபவர்களுக்கும் இது தெரியும், உங்களுக்குத்தான் சொல்லமாட்டார்கள்.

இதன் இன்னொரு வடிவம் லிம்போ ஸ்கேட்டிங். வரிசையாக நிறுத்திய கார்களுக்கு அடியில் பிள்ளை கால்களை இருபுறமும் முழுதாக விரித்து, தாடை தரையை உரசும் அளவுக்குத் தாழ்ந்து போகிறது. உயரம் போதாது என்று பல இடங்களில் ஹெல்மெட்டைக் கழற்றிவிடுகிறார்கள். அந்த விரிப்புக்காக ஐந்து வயதுப் பிள்ளையின் தொடையை ஒருவர் மேலிருந்து அழுத்துவதை இந்த ஊரிலேயே பார்த்திருக்கிறேன். பிள்ளை அழுகிறது, பெற்றோர் ஃபோனில் படம் எடுக்கிறார்கள். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அன்று நான் போட்ட சத்தத்துக்குப் பிறகு அந்த ரிங்கில் என்னை உள்ளே விடுவதில்லை.

நானும் இதில் குற்றமற்றவன் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு சிறுமி கற்றாள். பத்து வயதிலேயே மாநில அளவில் வென்றவள். ஏப்ரலில் பாட்டி வீட்டுக்குத் திருவண்ணாமலை போக வேண்டும் என்று கேட்டாள். "இப்போது விட்டால் மற்றவர்கள் முந்திவிடுவார்கள்" என்று நான்தான் அவள் அப்பாவிடம் சொன்னேன். மூன்று கோடைகள் அப்படிப் போயின. பதிமூன்று வயதில் ஒரு நாள் ஸ்கேட்டைக் கழற்றி என் மேசையில் வைத்தாள். அதன்பின் அவள் ரிங்கின் பக்கமே வரவில்லை. அவளிடமிருந்து எடுத்துக்கொண்ட அந்த ஏப்ரல்களை என்னால் திருப்பித் தர முடியாது. உங்கள் மகனின் ஏப்ரலையாவது காப்பாற்றப் பார்க்கிறேன்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் சொல்வது இது: வாரம் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு. பிள்ளை முதன்மையாக ஆடும் விளையாட்டிலிருந்து ஆண்டுக்கு மூன்று மாதம், ஒவ்வொரு மாதமாகப் பிரித்து, விலகியிருக்க வேண்டும். உங்கள் மகனை மே மாதம் ஸ்கேட்டைத் தொடவிடாதீர்கள். ஏப்ரலில் வாரம் இரண்டு நாள் போகட்டும்.

மற்ற நாட்களில் கீழே இறங்கி விளையாடட்டும். ஸ்கேட்டிங் என்பது ஒற்றைக் காலில் நிற்பதும் பக்கவாட்டில் உந்துவதும்தான். நொண்டியும் பாண்டியும் முதலாவதைத் தரும், கிளித்தட்டு இரண்டாவதைத் தரும். பாண்டியைப் பக்கத்து வீட்டுக் கன்னடப் பிள்ளைகள் குண்டெபில்லெ என்பார்கள், ஆட்டம் ஏறத்தாழ ஒன்றே. நான்காயிரம் ரூபாய் மிச்சம்.

ஹாக்கி முகாமில் சேர்த்தோம். மகன் இடக்கைப் பழக்கம் உள்ளவன். இடக்கை மட்டை எங்கே கிடைக்கும்?
(ஃபிரேசர் டவுன்)

மைதான ஹாக்கியில் அப்படி ஒன்று கிடையாது. எல்லா மட்டைக்கும் தட்டையான முகம் இடப்பக்கம்தான். இதில் இடது கைதான் மேலே பிடித்து மட்டையைத் திருப்புகிறது, அதனால் அவனுக்கு இது குறை இல்லை. முன்னும் பின்னும் இரண்டிரண்டு சக்கரம் உள்ள குவாட் ஸ்கேட்டில் ஆடும் ரோலர் ஹாக்கியில் மட்டையின் இரு முகத்தாலும் அடிக்கலாம். இன்லைன் ஹாக்கியிலும் ஐஸ் ஹாக்கியிலும் இடம், வலம் என்று தனித்தனி மட்டைகள் உண்டு.

ஸ்கேட்டிங் போய்வந்தால் மகனுக்குக் கால் வலிக்கிறது. என்ன தைலம் தடவலாம்?
(கோரமங்களா)

வயது எழுதவில்லை. காலில் எந்த இடம் என்று எழுதவில்லை. வாரம் எத்தனை நாள், குவாடா இன்லைனா, எதுவும் இல்லை. இதற்கு எப்படி நான் பதில் சொல்வது? வளரும் பிள்ளைக்குப் பயிற்சிக்குப் பின் குதிகாலிலோ முழங்காலுக்குக் கீழே உள்ள மேட்டிலோ வலித்தால், வளர்ச்சிப் பகுதியில் பளு கூடியிருக்கலாம். தைலத்தால் வலியை மறைத்து மீண்டும் அனுப்பினால் நிலைமை மோசமாகும். இரண்டு வாரம் நிறுத்துங்கள். இரவில் வலித்தாலோ, வீங்கினாலோ, நொண்டினாலோ இரண்டு வாரம் காத்திருக்காமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள். அடுத்த முறை முழுதாக எழுதுங்கள்.

இரண்டு மாதக் கட்டணத்தையும் கட்டிவிட்டோம். பத்தாம் நாளே மகள் போகமாட்டேன் என்கிறாள்.
(பேகூர்)

கட்டணம் போனது போகட்டும். ஏன் என்று ஒரு முறை கேளுங்கள். அடித்தார்கள், திட்டினார்கள் என்றால் கிளப்பில் போய்ப் பேசுங்கள். வெறுமனே பிடிக்கவில்லை என்றால் அதுவே போதிய காரணம்.

மகள் ஐஸ் ஹாக்கி வீடியோக்களையே பார்க்கிறாள். பெங்களூரில் இருந்துகொண்டு கற்க வழி உண்டா?
(ஜெயநகர்)

இந்தியாவில் ஐஸ் ஹாக்கியின் வீடு லடாக். அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளமும் ஏரியும் உறைகின்றன, பிள்ளைகள் அதன்மேல் ஆடி வளர்கிறார்கள். 2025-இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற நம் பெண்கள் அணியில் பெரும்பாலோர் லடாக்கிகள். சிம்லாவின் திறந்தவெளி ரிங்க் 1920-இலிருந்து இருக்கிறது. டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டிய உள்ளரங்கு உண்டு.

பெங்களூரிலிருந்து செய்யக்கூடியது இன்லைன் ஹாக்கி. சமநிலை, உந்துதல், திரும்புதல் எல்லாம் ஐஸுக்கும் உதவும். நிற்பது மட்டும் வேறு. ஐஸில் பிளேடைக் குறுக்கே திருப்பிச் சீவி நிற்பார்கள், சக்கரத்தில் அப்படிச் செய்தால் கவிழ்வாள். ஐஸ் ஸ்கேட் இப்போது வாங்க வேண்டாம். மணிக்கட்டுக் காப்பைப் பற்றி இங்கேயும் சொல்கிறேன்: ஹாக்கிக் கையுறை அதற்கு மாற்று ஆகாது. மட்டை இல்லாமல் ஸ்கேட் பழகும் நாட்களில் காப்பு கட்டாயம்.

நான் ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவன், அல்சூரில் இருக்கிறேன். மண் மைதானத்தில் ஹாக்கி ஆடியவன். 9 வயதுப் பேரனுக்கு நானே சொல்லித்தருகிறேன் என்றால், டர்ஃபில் (செயற்கைப் புல் தரையில்) கற்றால்தான் ஹாக்கி என்று மகனும் மருமகளும் முகாமுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள்.

ஐயா, நீங்களே சொல்லிக்கொடுங்கள். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து பெரிய ஆட்டங்கள் செயற்கைத் தரைக்குப் போய்விட்டன என்பதும், டர்ஃபில் பந்து வேறு வேகத்தில் வரும் என்பதும் உண்மை. அவன் பன்னிரண்டு வயதுக்குப் பின் தொடர விரும்பினால் சாந்திநகர் டர்ஃப் மைதானம் இருக்கவே இருக்கிறது. ஒன்பது வயதில் மண்ணில் எகிறும் பந்தை நிறுத்தப் பழகிய கைக்கு டர்ஃப் எளிதாகவே இருக்கும்.

சில மாற்றங்கள் மட்டும் செய்யுங்கள். மட்டையைத் தரையில் நிறுத்தினால் அவன் இடுப்பெலும்பின் உயரத்துக்கு வர வேண்டும், உங்கள் பழைய மட்டையை அறுத்துக் கொடுக்காதீர்கள், எடை தாங்கமாட்டான். ஆட்டப் பந்து 160 கிராம் இருக்கும், அடி பட்டால் எலும்பு விரிசல் விடும். முதலில் டென்னிஸ் பந்து. ஷின் பேடும் பல் காப்பும் வேண்டும், உங்கள் காலத்தில் இவை இல்லாமல் ஆடினீர்கள் என்பதை அவனிடம் சொல்லாதீர்கள். குனிந்தே ஆடுவதால் முதுகு நோகும், முக்கால் மணி நேரத்தோடு நிறுத்துங்கள். பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்து மூவருக்கு மூவர் ஆடவிடுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் குடகில் கொடவக் குடும்பங்களின் ஹாக்கித் திருவிழா நடக்கும். 1997-இல் பாண்டண்ட குட்டப்பா தொடங்கியது. குடும்பப் பெயரில்தான் அணி, பெண்களும் ஆண்களோடு சேர்ந்து ஆடலாம், பெரியவரும் பிள்ளையும் ஒரே அணியில் இறங்குவார்கள். 2024-இல் நாபோக்லுவில் 360 அணிகள் ஆடின. ஒவ்வோர் ஆண்டும் ஒரு குடும்பம் பொறுப்பேற்கும், இடமும் மாறும். அதனால் எந்த ஊர், என்றைக்கு என்று முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள். பெங்களூரிலிருந்து ஐந்தாறு மணி நேரப் பயணம். மகனையும் மருமகளையும்கூட அழைத்துப் போங்கள். பேரனின் மட்டை வண்டியில் இருக்கட்டும்.