சிலிக்குப் போன வெள்ளக்காரம்மா: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

மரியா கிரஹாம் சிலி நாட்டுல எழுதின டைரி பத்தி எழுதியிருந்தீங்க. ஒம்போது மாசம்கூட முழுசா தங்காத ஒரு இங்கிலீஷ்காரம்மா, புதுசா சுதந்திரம் வாங்கின நாட்டப் பத்தி சொல்றத நாம ஏன் நம்பணும்? அப்படியே படிச்சாலும் எங்க ஆரம்பிக்கறது?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர்

வணக்கம் தம்பி,

அந்தம்மா சொல்ற தீர்ப்ப நானும் நம்பல. சிலி கடற்படைய நடத்தின கொக்ரேனுக்கு டைரி முழுக்க ஜால்ரா. அவருக்கும், சிலி விடுதலைக்குப் படை நடத்தின தளபதி சான் மார்ட்டினுக்கும் ஆகாது, அதனால இந்தம்மாவுக்கும் சான் மார்ட்டின் ஆகாது. கத்தோலிக்க சர்ச், சாமியார்னு வந்தா புராட்டஸ்டன்ட் மூக்கு தன்னால சுளிச்சுக்கும்.

ஆனா கிட்ட உக்காந்து பாத்தத எழுதறப்போ வேற ஆளு. 1822-ல சிலிக்கு வர்ற வழில கப்பல்லயே புருஷன் செத்துட்டாரு, வால்பரைசோ துறைமுகத்துல இறங்கி அடக்கம் பண்ணிட்டு, ஊருக்குத் திரும்பாம அங்கயே ஒரு வீட்ட வாடகைக்கு எடுத்து தங்கிட்டாங்க. சிலி சுதந்திரம் அறிவிச்சது 1818-ல. அதுக்கு முன்னாடியே 1817-ல அங்க ஆட்சில இருந்த ஓ'ஹிகின்ஸ், பிரபு பட்டத்தயெல்லாம் ஒழிச்சிட்டாரு, கேக்க நல்லாத்தான் இருக்கு. இந்தம்மா என்ன பண்ணுது, பானை செய்யற பொம்பளைங்க குடியிருப்புக்குப் போய் கூட உக்காந்து எனக்கும் கத்துக்குடுங்கன்னு கேக்குது. சக்கரம் கிடையாது, எல்லாம் கைவேலை, வீட்டப் பாத்தா ஏழ்மை. நம்ம கரிகிரில சக்கரம் சுத்தறதப் பாத்த எனக்கு வெறும் கையால உருட்டி உருட்டி எழுப்பறாங்கன்னு படிச்சதும் அங்கயே நின்னுட்டேன். பட்டம் போனதால பெரிய வீட்டுக்காரனுக்கு ஏதோ நஷ்டம், சரி, இந்தப் பொம்பளைங்களுக்கு என்ன கெடச்சது? அந்தம்மா அப்படிக் கேக்கல. படிக்கற நமக்குத் தோணுது.

மாத்தேன்னு ஒரு டீ மாதிரி, ஒரே கிண்ணம், ஒரே குழல், எல்லாரும் மாத்தி மாத்தி உறிஞ்சுவாங்க. அந்தம்மாவுக்கு முதல்ல பயம், அப்புறம் குடிச்சுப் பாத்து புடிச்சுப் போச்சு. தண்ணி சொம்ப அண்ணாந்து குடின்னு அதட்டி வளத்த நம்ம வீட்டுல இத யாராவது செஞ்சிருப்பாங்களா? (நான் செஞ்சிருக்க மாட்டேன்.)

நம்பலாமான்னு கேட்டீங்கல்ல, அதுக்கு நிலநடுக்கத்தச் சொல்றேன். 1822 நவம்பர் 19 ராத்திரி பெரிய நடுக்கம். கடற்கரையே மூணு நாலு அடி மேல வந்துடுச்சு, பாறைல ஒட்டின சிப்பியெல்லாம் வெளிய கெடக்குதுன்னு எழுதினாங்க, 1824-ல லண்டன் புவியியல் சங்கம் அத அச்சுல போட்டுச்சு. பத்து வருஷம் கழிச்சு அந்த சங்கத் தலைவர் கிரீனோ, பயத்துல பொம்பள தப்பா பாத்துட்டாங்கற மாதிரி பேசினாரு, இவங்களும் விடல, திருப்பிக் குடுத்தாங்க. 1835-ல இன்னொரு நடுக்கம், அப்ப சிலில இருந்த டார்வினும் நிலம் எழும்பினதப் பாத்துட்டாரு.

முதல்ல பானை பகுதி படிங்க, அப்புறம் நவம்பர் 19. நடுவுல கொக்ரேன் புராணம் வந்தா பக்கத்தத் தள்ளிடுங்க.