கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணோரம் நிழல்: வாசகர் கேள்விகள்

கே: வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம். எழுத்து பளிச்சென்று தெரிகிறது. ஆனால் காதுப் பக்கம் பிறை மாதிரி ஒரு கறுப்பு நிழல். டாக்டர் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்கிறார். என் பிரமையா?

பிரமை இல்லை. பரிசோதனையில் லென்ஸ் சரியான இடத்தில்தான் இருக்கும், நிழலும் நிஜம்தான். 2000-இலேயே அமெரிக்கக் கண் மருத்துவர் ஜேம்ஸ் டேவிசன் இதை விவரித்து எழுதியிருக்கிறார்.

பிறவி லென்ஸ் 9 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலமும் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனும் கொண்டது. அதை எடுத்துவிட்டு வைக்கும் லென்ஸின் பார்வைப் பகுதி பெரும்பாலும் 6 மில்லிமீட்டர்தான். தடிமன் 1 மில்லிமீட்டர்கூட வராது. அதனால் ஐரிஸுக்கும் (கண்மணியைச் சுற்றியுள்ள நிறத் திரை) லென்ஸுக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. காதோரமிருந்து சாய்வாக வரும் வெளிச்சத்தில் ஒரு பங்கு லென்ஸில் பட்டு வளைகிறது. இன்னொரு பங்கு லென்ஸைத் தொடாமலே இடைவெளி வழியே போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவே, மூக்குப் பக்க விழித்திரையில் ஒரு பட்டைக்கு வெளிச்சம் கிடைப்பதில்லை. பலரும் ஏற்கும் விளக்கம் இதுதான்.

நெற்றிப்பொட்டருகே உள்ளங்கையை வைத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தை மறைத்துப் பாருங்கள். நிழல் மங்கினால் பெரும்பாலும் இந்த வகைதான். டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

கே: தானாகப் போய்விடுமா?

பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ மூளை அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். அதுவரை அகலமான காது பட்டை உள்ள கண்ணாடி போடலாம். பல மாதமாகியும் தொந்தரவு தீரவில்லையா? லென்ஸின் விளிம்பை, அது உட்கார்ந்திருக்கும் சவ்வுப் பைக்கு முன்னால் கொண்டுவரலாம், இன்னொரு லென்ஸ் சேர்க்கலாம். அப்புறம் ஒன்று: நிழலுக்காக அவசரப்பட்டு யாக் லேசர் (பையின் பின்புறம் மங்கினால் அதில் துளை போடும் சிகிச்சை) வேண்டாம். பின்னால் லென்ஸை மாற்ற நேர்ந்தால் சிக்கலாகும்.

கே: இரவில் விளக்கைப் பார்த்தால் வளைவாக ஒளிக்கீற்று தெரிகிறதே?

லென்ஸின் சதுர விளிம்பில் பட்டு ஒளி சிதறுகிறது. அந்த விளிம்புதான் பையின் பின்புறம் பின்னாளில் மங்குவதைத் தாமதப்படுத்துகிறது. இதுவும் பெரும்பாலும் குறைந்துவிடும்.

கே: எனக்கும் நிழல்தான், ஆனால் நேற்றிலிருந்து பெரிதாகிக்கொண்டே வருகிறது. மின்னல் மாதிரியும் தெரிகிறது.

இது வேறு. மேலே சொன்ன பிறை ஒரே இடத்தில் நிற்கும், வளராது. திரை இறங்குவது போன்ற நிழல், மின்னல், திடீரென்று கூட்டமாகப் பூச்சி பறப்பது இவையெல்லாம் விழித்திரை கிழிந்து விலகுவதன் அறிகுறியாக இருக்கலாம். அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே விழித்திரை நிபுணர் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள், கொஞ்ச நேரம் பார்வை மங்கும் என்பதால் துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள்.