பதில்: எடின்பரோவில் முதல் வருடம், ஆறு சங்கங்கள்

வணக்கம் தங்கச்சி. எடின்பரோவில் மருத்துவம் சேர்ந்த முதல் மாதமே ஆறு மாணவர் சங்கங்களில் பெயர் கொடுத்துவிட்டு இப்போது படிக்க நேரமில்லை, சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கும் அம்மா எல்லாவற்றையும் விடச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். எல்லாவற்றையும் விட வேண்டாம். இரண்டு போதும்.

பள்ளியில் பாடத்தோடு சேர்த்துச் செய்யும் விளையாட்டு, மன்றங்கள் என்ற நம் இணைப்பாட நடவடிக்கைப் பழக்கம்தான் உங்களை ஆறுக்கு இழுத்திருக்கும். இங்கே உயர்நிலைப் பள்ளி முடித்துத் தொடக்கக் கல்லூரிக்குப் போக அதில் 2 சலுகைப் புள்ளி வரை கிடைத்தது. அங்கே அப்படி யாரும் கணக்கு வைப்பதில்லை. பெயருக்குச் சேர்ந்ததை இன்றே விட்டுவிடுங்கள்.

ராயல் மெடிக்கல் சொசைட்டியை மட்டும் விடாதீர்கள். 1737இல் தொடங்கியது, இன்றும் மாணவர்களே நடத்துவது. சீனியர்களிடம் பாடச் சந்தேகம் கேட்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இன்னொன்று உடம்பு அசைவதாக இருக்கட்டும். டிசம்பரில் அங்கே நாலு மணிக்குள் இருட்டிவிடும். என் அக்கா மகள் முதல் குளிர்காலத்தில் அறையிலேயே முடங்கி, தினமும் அழுதுகொண்டே போன் செய்வாள். பூப்பந்துக் குழுவில் சேர்ந்த பிறகுதான் குரலே மாறியது. பிரிட்டனில் புதன் பிற்பகலைப் பெரும்பாலும் விளையாட்டுக்காக விட்டுவைப்பார்கள், படிப்பு கெடாது.

அப்புறம் அம்மா. அவர் பயப்படுவது சங்கங்களைப் பார்த்து இல்லை, உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று தெரியாததால்தான். வார அட்டவணையை அனுப்பி வையுங்கள். குளிர்காலத்தில் உங்களுக்கு மதியம் 1 மணி என்றால் இங்கே இரவு 9. சாப்பிடும்போது பேசுங்கள்.