கார் அப்டேட் பட்டியலை விக்கிப்பீடியாவில் ஏன் நீக்கினார்கள்?

காரின் திரையில் வந்த மென்பொருள் அப்டேட் குறிப்புகளைப் பார்த்து, ஆங்கில விக்கிப்பீடியாவில் பதிப்பு வாரியாகச் சேர்த்ததை யாரோ நீக்கிவிட்டதாகக் கேட்டிருந்தீர்கள். எனக்கும் நடந்ததுதான்.

நீங்கள் பார்த்தது உண்மையாகவே இருக்கட்டும். மற்றவர்கள் சரிபார்க்க வெளியான சான்று வேண்டும். எல்லாப் பதிப்புகளையும் அடுக்குவதையும் அங்கே ஏற்பதில்லை. பெரிய மாற்றம் தந்ததை மட்டும் எடுங்கள். 2018இல் டெஸ்லா மாடல் 3, மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி எடுத்ததாக அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அளந்தது; இணையம் வழியே வந்த அப்டேட்டுக்குப் பின் 133 அடி. கார் பட்டறைப் பக்கமே போகவில்லை! இப்படி எழுதினால் நிற்கும்.

அப்புறம், நீக்கியதைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். 24 மணி நேரத்தில் மூன்று முறையைத் தாண்டினால் தடை விழலாம். அந்தக் கட்டுரையோடு இருக்கும் பேச்சுப் பக்கத்தில் (தொகுப்பவர்கள் கலந்து பேசும் இடம்) கேளுங்கள்.