புரோகிராமிங் பயமா? சாம்பிள் பட்டியலில் தொடங்குங்கள்

எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி இரண்டாம் ஆண்டு, லேப் வேலை நன்றாக வருகிறது, கோடிங் என்றால்தான் பயம், பயோஇன்ஃபர்மாடிக்ஸ் (உயிரியல் தரவுகளைக் கணினியில் ஆராயும் துறை) பக்கம் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். முதலில் மெட்டாடேட்டா ஃபைலை ஒழுங்காக வைத்துக்கொள்ளப் பழகுங்கள். டியூபில் லேபிள் ஒட்டிப் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். கோடிங்கில் கெட்டிக்காரர்கள் பலர் சறுக்குவதும் இங்கேதான்.

மெட்டாடேட்டா என்பது ஓர் அட்டவணை, அவ்வளவுதான். ஒரு சாம்பிளுக்கு ஒரு வரி. எந்தத் திசு, மருந்து கொடுத்ததா இல்லையா, ஆர்.என்.ஏ. எடுத்த தேதி, எந்த பேட்ச் (ஒரே சமயத்தில் சேர்த்துக் கையாண்ட சாம்பிள் தொகுதி) என்று ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு பத்தி.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் எக்செல். 001 என்று அடித்தால் 1 ஆகிவிடும்; 2-3 என்று அடித்தால் தேதியாகிவிடும். இந்தத் தொல்லையால்தான் மார்ச்1, செப்ட்1 போன்ற மனித ஜீன்களின் பெயர்களையே 2020 வாக்கில் மாற்றினார்கள்! தட்டச்சு செய்யும் முன்பே பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். சாம்பிள் ஐடி எழுத்தில் தொடங்கட்டும். எழுத்தும் எண்ணும் தவிர வேறெதுவும் வேண்டாம். ஐடிகள் பத்தித் தலைப்பாக வரும் தரவு அட்டவணையை ஆர் (R) என்ற நிரல் மொழியில் சாதாரணமாகத் திறந்தால், ஐடியிலுள்ள சிறுகோடு புள்ளியாகிவிடும். எண்ணில் தொடங்கும் ஐடிக்கு முன்னால் ஓர் எக்ஸ் ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்த அட்டவணையும் மெட்டாடேட்டா ஃபைலும் பொருந்தாது.

நுண்ணுயிர் ஆய்வுக்கான சைம்-2 (QIIME 2) மென்பொருளில் வேறொரு வம்பு. பி.எச். பத்தியில் அளவு கிடைக்காத ஒரே ஒரு கட்டத்தில் 'என்.ஏ.' என்று எழுதினால் போதும், முழுப் பத்தியும் எண் தகுதியை இழந்து வகைப் பத்தியாகிவிடும். அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். நேர்மாறாக, நோயாளி எண் 1, 2, 3 என்றிருந்தால் அதை அளவு என்று எடுத்துக்கொள்ளும். தலைப்புக்கு அடியில் வகை குறிக்கும் வரியைச் சேர்த்தால் தீரும். கூகுள் ஷீட்ஸில் கீமெய் என்ற இலவசத் துணைக்கருவி இத்தகைய பிழைகளைக் கட்டம் கட்டமாகக் காட்டும்.

இனி ஒரு பயிற்சி. ஆர் மொழிக்கான உயிரியல் நிரல் தொகுப்புகளின் களஞ்சியமான பயோகண்டக்டரில் 'ஏர்வே' என்ற தரவுத் தொகுப்பு இலவசம். மூச்சுக்குழல் தசைச் செல்கள், 4 செல் வரிசைகள், ஒவ்வொன்றிலும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்தது ஒன்று, கொடுக்காதது ஒன்று. மொத்தம் 8 சாம்பிள்கள். ஜீன்களின் செயல்பாட்டு வித்தியாசத்தைக் கணக்கிடும் டிஇசீக்-2 (DESeq2) கொண்டு ஒப்பிடுங்கள். ஆர் தானாக அகரவரிசையில் முதல் வருவதை ஒப்பீட்டு அடிப்படையாக வைக்கும். ஆங்கிலத்தில் 'ட்ரீட்டட்' முன்னால் வரும், 'அன்ட்ரீட்டட்' பின்னால்தான். விளைவு: எல்லா ஏற்ற இறக்கமும் தலைகீழ். பிழைச் செய்தி எதுவும் வராது, வரைபடமும் அழகாகவே இருக்கும். இந்த மருந்தால் எஃப்கேபிபி5 ஜீனின் செயல்பாடு அதிகரிக்க வேண்டும். உங்கள் முடிவில் மைனஸ் காட்டினால் அடிப்படையை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். இத்தகைய ஒரு தெரிந்த ஜீனை எப்போதும் கையில் வைத்திருங்கள்.

மென்பொருளால் சரிசெய்யவே முடியாத ஒன்றும் உண்டு. மருந்து கொடுத்தவை எல்லாம் முதல் பேட்ச், கொடுக்காதவை எல்லாம் இரண்டாம் பேட்ச் என்று பிரித்துவிட்டால் வித்தியாசம் மருந்தாலா பேட்சாலா என்று யாராலும் பிரிக்க முடியாது. சாம்பிள்களை அனுப்புவதற்கு முன்பே, ஒவ்வொரு பேட்சிலும் இரண்டு வகைச் சாம்பிள்களும் இருக்கும்படி பிரித்து வையுங்கள். லேப் அனுபவம் உள்ள உங்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. நேர்முகத் தேர்வில் இதையே எடுத்துப் பேசுங்கள்.

நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் நான்கு ஃபைல்களைப் போடுங்கள்: கைபடாத மூல அட்டவணை, திருத்திய அட்டவணை, திருத்தம் செய்த ஆர் நிரல், ஒவ்வொரு பத்திக்கும் பொருளும் அலகும் எழுதிய குறிப்பு. வேலை தேடும்போது 'பயோஇன்ஃபர்மாடிக்ஸ்' என்று மட்டும் தேடாமல் 'பயோகியூரேட்டர்' (உயிரியல் தரவுகளைச் சரிபார்த்து ஒழுங்குபடுத்துபவர்), 'டேட்டா மேனேஜர்' என்றும் தேடுங்கள்.