அசெம்பிளி கம்பெனியால் ஊருக்கு என்ன மிஞ்சும்? (கேள்வி பதில்)

வெளியிலிருந்து வரும் பாகங்களைப் பொருத்தி ஏற்றுமதி செய்யும் ஆலைகளைத்தான் அசெம்பிளி கம்பெனி என்கிறோம். டெல்டாவிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அந்த வேலைக்குப் போகும் பிள்ளைகளின் வீட்டார் கேட்டவை இவை.

மன்னார்குடி நண்பர்: கோடிக்கணக்கில் ஏற்றுமதி என்கிறார்களே, அதெல்லாம் இங்கேயே தங்குகிறதா?

இல்லை. 2009-இல் சீனாவில் பொருத்திய ஐபோனை ஆய்வாளர்கள் பிரித்துக் கணக்குப் போட்டார்கள். தயாரிப்புச் செலவு சுமார் 179 டாலர். அதில் பொருத்தும் கூலியாகச் சீனாவுக்குக் கிடைத்தது 6.50 டாலர்தான். திரை, சிப், கேமரா எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. ஆனால் ஏற்றுமதிக் கணக்கில் முழுத் தொகையும் ஏறிவிடும். யாராவது ஏற்றுமதி இவ்வளவு என்று சொன்னால், அதற்கு இறக்குமதி எவ்வளவு என்று உடனே கேளுங்கள்.

கும்பகோணம் அக்கா: அப்படியென்றால் இது வேண்டாமா? என் மகள் அங்கேதான் இருக்கிறாள்.

வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன், அக்கா. நடவும் அறுப்பும் மிஷினுக்குப் போய்விட்ட ஊரில், ஒரு பெண்ணின் கணக்கில் மாதாமாதம் சம்பளம் விழுவது பெரிய விஷயம். வங்கதேச ஏற்றுமதியில் 80 சதவீதத்துக்கு மேல் ஆயத்த ஆடைதான். லட்சக்கணக்கான பெண்கள் அதில்தான் பிழைக்கிறார்கள். அதே நாட்டில்தான் 2013-இல் ஆடை ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தும் மறுநாள் வேலைக்கு உள்ளே அனுப்பினார்கள். அதனால் மகளிடம் சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். கம்பெனி ஆளா, காண்ட்ராக்டா? பி.எஃப். பிடிக்கிறார்களா? ஹாஸ்டலில் சாப்பாடு, தண்ணீர் எப்படி? எல்லாவற்றையும் கேளுங்கள்.

பட்டுக்கோட்டை தம்பி: இதை வைத்து மேலே வந்த நாடு உண்டா?

உண்டு. தைவான் 1966-இல் காவ்சியுங்கிலும், தென் கொரியா 1970-இல் மாசானிலும் ஏற்றுமதி மண்டலம் திறந்தன. பொருத்துவதோடு நிற்காமல், பாகம் செய்யும் உள்ளூர்ப் பட்டறைகளையும் வளர்த்தார்கள். மெக்சிகோ 1965-லேயே எல்லையோரம் மக்கிலடோரா என்ற பொருத்தும் ஆலைகளைத் தொடங்கியது. வேலை நிறையக் கிடைத்தது. ஆனால் பல பத்தாண்டுகள் போன பிறகும் உள்நாட்டில் வாங்கிய பாகம் சில சதவீதம்தான். நாமும் அதே 1965-இல் குஜராத்தின் காண்ட்லாவில், ஆசியாவிலேயே முதலாவதாக ஏற்றுமதி மண்டலம் தொடங்கினோம். முந்திக்கொண்டும் பின்தங்கியது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

மயிலாடுதுறை வாசகி: கம்பெனி எழுந்து போய்விட்டால்?

போகும். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-இல் தொடங்கி 2014-இல் நின்றது. உள்ளூரில் பட்டறைகள் வேர்விட்டிருந்தால், ஒரு கம்பெனி போனாலும் அடுத்தது வரும்.

திருவாரூர் ஐயா: டெல்டாவுக்குள்ளேயே வரலாமா?

டெல்டாவுக்காக வந்த 2020 பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் உருக்காலை, தோல் பதனிடுதல், எண்ணெய் எடுத்தல் போன்றவற்றைத்தான் தடுக்கிறது. பொருத்தும் ஆலை அந்தப் பட்டியலில் இல்லை. நன்செய்யைத் தொடாமல் வரட்டும். சாயப்பட்டறை மட்டும் வேண்டவே வேண்டாம், ஐயா. திருப்பூர்ச் சாயம் நொய்யல் வழியாகக் காவிரிக்குத்தான் வந்தது. கடைமடைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆலைக்கு இடமும் சலுகையும் கொடுக்கும்போதே வார்ப்பு அச்சு, பிளாஸ்டிக், அட்டைப்பெட்டி செய்யும் உள்ளூர்ப் பட்டறைகளுக்கும் பக்கத்திலேயே இடம் ஒதுக்கச் சொல்லி மனுக் கொடுங்கள்.