பகைக்கு என்ன உருபு? (வாசகர் கேள்வி–பதில்: சொல்லும் வழக்கும்)

கேள்வி: தமிழ்ப் பாடத்தில் ‘பகை’ என்ற சொல்லை வாக்கியத்தில் அமைக்கச் சொன்னார்கள். “ராமுவும் சோமுவும் பகையாகச் சண்டை பிடித்தார்கள்” என்று எழுதினேன். பாதிப் புள்ளிதான் கிடைத்தது. அதில் என்ன பிழை?
– சாதாரண தர மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: இலக்கணப் பிழை இல்லை, மகள். ‘பகையாக’ என்பதை விரலால் மறைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். “ராமுவும் சோமுவும் சண்டை பிடித்தார்கள்.” எதுவும் குறையவில்லை. மறைத்த இடத்தில் ‘கடுமையாக’ என்று போட்டாலும் பொருந்தும், ‘சத்தமாக’ என்று போட்டாலும் பொருந்தும். சொல் இருக்கிறது, அதன் பொருள் வாக்கியத்தில் இல்லை. புள்ளி குறைந்தது அதனால்தான்.

சண்டை ஒரு செயல். பின்னேரம் தொடங்கி விளக்கு வைக்குமுன் முடிந்துவிடலாம். பகை ஒரு நிலை. கை ஓங்காமலே, ஒரு சொல் பேசாமலே வருடக்கணக்கில் இருக்கும். ஆகவே பகையை வைத்து எழுதும்போது எப்போதிருந்து, எதனால் என்பதையும் கொண்டுவாருங்கள்: “வேலிக்கட்டையை நகர்த்திய நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பகை, கலியாணத்துக்குச் சொல்வதுமில்லை, செத்த வீட்டுக்குப் போவதுமில்லை.” இப்போது விரலால் மறைத்தாலும் வாசிப்பவர் வாயில் அந்தச் சொல்தான் வரும்.

வினையையும் பார்த்துச் சேர்க்கவேண்டும். பகை மூளும், வளரும், முற்றும், தீரும். மனிதர் பகை கொள்வார்கள், பகை பாராட்டுவார்கள். ‘பகை பிடித்தான்’, ‘பகை செய்தான்’ என்று எழுதினால் காதுக்கே ஒட்டாது. பிடிப்பது சண்டைக்கு உரியது. அதுவும் நம் இலங்கை வழக்கு. தமிழ்நாட்டில் சண்டை ‘போடுவார்கள்’. இரண்டும் சரி.

அடுத்து உருபு. அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. நான்காம் வேற்றுமையான ‘கு’ எந்தெந்தப் பொருளில் வரும் என்று நன்னூல் சொல்லும்போது கொடை, பகை, நேர்ச்சி என்று தொடங்குகிறது. நேர்ச்சி என்றால் நட்பு. பகைக்கும் நட்புக்கும் உருபு ஒன்றுதான். “பாம்புக்குப் பகை கீரி” என்பது வகுப்பில் கேட்ட உதாரணம். வயல்பக்கத்துப் பிள்ளை என்றால் “நெல்லுக்குப் பகை கோழிச்சூடன்” என்று வயற்களையை வைத்து எழுதலாம்.

இந்தக் ‘கு’ ஒருபக்கப் பகைக்கும் இடம் கொடுக்கும். புகை உடலுக்குப் பகை என்கிறோம். உடலோடு புகை பகை கொண்டது என்று சொல்வதில்லை. ஓடு, உடன் வந்தால் இரண்டு பக்கமும் மனிதராக இருக்கவேண்டும், இரண்டு பக்கமும் அதை அறிந்திருக்கவேண்டும்: “மாமனோடு அவருக்கு நெடுநாள் பகை.” ‘ஐ’ உருபு ஏற்ற சொல் ‘பகை’ என்ற பெயரோடு சேராது, ‘பகைத்தல்’ என்ற வினையோடுதான் சேரும்: “மேல் வயல்காரரைப் பகைத்துக்கொண்டால் வாய்க்கால் தண்ணீர் நேரத்துக்கு வராது.” ‘ரவியைப் பகை’ என்று நிறுத்தினால், ரவியைப் பகைக்கும்படி யாருக்கோ கட்டளை இடுவதாகிவிடும்.

ஒற்றெழுத்தையும் கவனியுங்கள். பாம்புக்குப் பகை, அவரைப் பகைத்து என்ற இடங்களில் ‘ப்’ வரும். அவரோடு பகை, அவருடன் பகை என்ற இடங்களில் வராது.

கேள்வி: செய்திகளில் முறுகல், மோதல், முரண்பாடு, பிணக்கு எல்லாம் மாறி மாறி வருகின்றன. எல்லாம் ஒன்றுதானா? ‘யானை–மனித முரண்பாடு’ என்பது சரியா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: ஒன்றல்ல. முரண்பாடு பேச்சிலும் கருத்திலும் உரிமைக் கோரிக்கையிலும் வருவது. சாட்சி நேற்றுச் சொன்னதும் இன்று சொன்னதும் முரண்படலாம். யானை கருத்துச் சொல்வதில்லை. வேலியை உடைத்துக்கொண்டு வயலுக்குள் இறங்குகிறது, உயிர் போகிறது. அங்கே ‘மோதல்’ என்பதே பொருத்தம். எதிர்ப்பைக் காட்ட ‘கு’ போட்டு “சட்டத்துக்கு முரணானது” என்று எழுதுங்கள். ஆளோடு என்றால் “தலைவருடன் முரண்பட்டார்”.

முறுகல் என்பது மோதலுக்கு முந்திய கட்டம். கயிற்றை அளவுக்கு மேல் முறுக்கினால் விறைத்து நிற்குமே, அந்த நிலை. கைகலப்பு நடந்து நான்கு பேர் வைத்தியசாலையில் கிடக்கும்போது ‘முறுகல்’ என்று தலைப்பிடுவது நடந்ததைக் குறைத்துச் சொல்வது. அதை நாங்கள் ஏற்பதில்லை. தமிழ்நாட்டு வாசகருக்கு முறுகல் என்றால் தோசைதான் நினைவுக்கு வரும். அவர்களும் வாசிக்கும் கட்டுரை என்றால் ‘பதற்றம்’ என்று எழுதுங்கள்.

பிணக்கு, தீர்த்துவைக்கக்கூடிய வழக்கு. சட்டத்தமிழில் அதற்கு நிலையான இடம் உண்டு. 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் என்ற பெயரிலேயே இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வந்த மத்தியஸ்த சபைக்குக் காணி விசயமாக முறைப்பாடு எழுதுகிறீர்களா? “எங்களுக்கிடையே பகை” என்று எழுதாதீர்கள். பகை என்றால் சமரசத்துக்கு இடமில்லை என்ற தொனி வந்துவிடும். “வடக்கு எல்லை தொடர்பாகப் பிணக்கு உண்டு” என்றால் எதைத் தீர்க்கவேண்டும் என்பது முதல் வரியிலேயே தெரியும். பெரியவர்கள் இன்றும் மத்தியஸ்த சபையை ‘இணக்க சபை’ என்பார்கள். இணங்கினால் இணக்கம், பிணங்கினால் பிணக்கு. எழுத்திலும் ‘ண’தான்; ‘பினக்கு’ பிழை.

கேள்வி: எங்கள் பக்கம் இரண்டு வீட்டார் கதைக்காமல் இருந்தால் ‘கோவம்’ என்போம். சிறுகதையில் அப்படி எழுதலாமா?
– வாசகி, மண்டூர்

பதில்: உரையாடலில் அப்படியே எழுதுங்கள், மாற்றவே வேண்டாம். உருபு மட்டும் தவறக்கூடாது. “எனக்கு அவவில கோவம்” என்றால் உள்ளே கொதிப்பு இருக்கிறது, கதைபேச்சு நடந்துகொண்டிருக்கலாம். “நான் அவவோட கோவம்” என்றால் கதைபேச்சு நின்றுவிட்டது. கொதிப்பு எப்போதோ ஆறியிருக்கலாம். நம் பேச்சில் இவ்வளவு நுட்பம் இருக்கும்போது அதை ஏன் விடவேண்டும்? கதைசொல்லியின் குரலில் வரும்போது மட்டும், வெளியூர் வாசகர் வெறும் சினம் என்று எடுத்துக்கொள்ளாதபடி, “பேச்சுவார்த்தை இல்லை”, “மனத்தாங்கல்” என்று எழுதலாம்.

கேள்வி: கொம்புமுறி பற்றிய கட்டுரையில் வடசேரியையும் தென்சேரியையும் ‘பகை அணிகள்’ என்று எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டார்.
– உயர்தர மாணவன், மட்டக்களப்பு

பதில்: அடித்தது சரி. கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த விளையாட்டு அது. ஒரே ஊரார் அதற்காக இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். ‘எதிர் அணிகள்’, ‘போட்டிக் கட்சிகள்’ என்று எழுதுங்கள்.

கேள்வி: உள்பகையா, உட்பகையா? மனதுக்குள் வைத்திருக்கும் பகை என்ற பொருளில் எழுதலாமா?
– வாசகர், கல்முனை

பதில்: உள் + பகை = உட்பகை; உட்பிரிவு போல. பொருள் நீங்கள் நினைப்பது அல்ல. திருக்குறளில் 89ஆம் அதிகாரம் உட்பகை. நம்மோடு கூடவே இருந்து, உறவு போலப் பழகிக் கெடுப்பவரின் பகையைத்தான் அங்கே வள்ளுவர் சொல்கிறார். ஒருவர் மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருப்பது ‘வன்மம்’: “பத்து வருடமாக வன்மம் வைத்திருந்தான்.” சங்கத்துக்குள்ளேயே ஒருவரை ஒருவர் கவிழ்த்தால் அது உட்பகை: “வெளியாரால் அல்ல, உட்பகையால் சங்கம் உடைந்தது.”